உத்தரவு பிறந்த முற்றம்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. ஒரு சந்தையில் ஊர்வலம் போன கூட்டத்தின் மேல் போலீஸ் சுட்டது. ஒரு பையன் செத்தான்.
2. உடலை வீட்டாரிடம் கொடுக்கக் கூடாது, ஆற்றங்கரைப் புறம்போக்கில் காவலோடு எரிக்க வேண்டும், அந்த இடத்துக்கு யாரும் போகக் கூடாது என்று தாசில்தார் உத்தரவு எழுதினார்.
3. பையனின் அக்காள் அந்த இடத்து மண்ணில் ஒரு பிடி கேட்டு வந்தாள்.
4. தாசில்தார் மறுத்தார்.
5. தாசில்தாரின் மனைவி கொடுத்தார். ஆனால் அது வேறு மண்.
6. தாசில்தார் தம் உத்தரவைத் திரும்பப் பெற்றார்.
7. அதனால் ஒன்றும் மாறவில்லை.

நான் மிஷன் ஆஸ்பத்திரியில் ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கப் பயிற்சி பெற்றவள். எண் போட்டு எழுதினால்தான் எனக்குக் கை ஓடும். ஆனால் எழுதி முடித்துப் பார்த்தால் இந்த ஏழு வரியில் தாசில்தார் என்ற பதவி இருக்கிறது, அவர் இல்லை. அதனால் மேற்கொண்டு எழுதுகிறேன்.

பத்மநாபபுரம் கோட்டைக்குள் எங்கள் தெருவில்தான் அவர் வீடு. அவருக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் சொன்னதன் பேரில் சனிக்கிழமை காலைகளில் நான் போய் அவருடைய நீரைப் பரிசோதிப்பேன். சோதனைக் குழாயில் நீல மருந்து, அதில் சில சொட்டு நீர், கீழே ஸ்பிரிட் விளக்கு. நீலம் நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சையானால் கவனம். செங்கல் நிறத்துக்குப் போனால் மோசம். அது கொதிக்கும்வரை அவர் பேசுவார்.

"வா மக்கா. இன்னைக்கு என்ன கலரு காட்டப் போற?"

"நீங்க தின்ன கலரு ஸார்."

"பாத்தியா, வாயி!" என்று உள்ளே பார்த்துச் சொல்வார். உள்ளே அவருடைய மனைவி இருப்பார். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்; அவர்கள் சைவர்கள். தெரு ஒன்றாகையால் முறை வைத்துக்கொண்டோம்.

அவருடைய குணம் ஒன்றைச் சொன்னால் மற்றதெல்லாம் அதற்குள் அடங்கும். சொன்ன வார்த்தையை மாற்றமாட்டார். ஒருநாள் எரிசேரி அடிபிடித்துவிட்டது. "இனி இந்த வீட்டுல எரிசேரி வைக்கப்படாது" என்று கோபத்தில் சொல்லிவிட்டார். எரிசேரி என்றால் அவருக்கு உயிர். அதன்பின் வீட்டில் வைக்கவில்லை. கல்யாண வீடுகளில் எரிசேரி வாளி பக்கத்தில் வந்தால், இலையைக் கையால் மூடிக்கொண்டு, வாளி போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆப்பீஸ் கடிகாரம் பிந்தி ஓடுகிறது என்று பியூன் சொன்னபோது, என்ன ஞாபகத்திலோ, "அது சரியாத்தான் ஓடுகு" என்று சொல்லிவிட்டார். பிறகு பார்த்தால் பிந்தித்தான் ஓடியது. என்ன செய்வது? ஆப்பீஸே பிந்தி ஓடியது. பஸ் மட்டும் அவர் உத்தரவுக்குக் கட்டுப்படாமல் போய்விடும். அவர் குடையை ஊன்றிக்கொண்டு நடந்து வருவார். "சவத்த விடு, நடந்தா சர்க்கரைக்கு நல்லதுதான்" என்பார். எதற்கெடுத்தாலும் சவத்த விடு. பேனா கசிந்தால், குடை முறிந்தால், மேலதிகாரி திட்டினால், எல்லாவற்றுக்கும் அதுதான்.

அவரிடம் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் இருந்தது. திருவனந்தபுரத்தில் படித்த காலத்தில் வாங்கியது. அட்டையைச் செல்லரித்துவிட்டது. உள்ளே கிரேக்கர்களின் பழைய துன்பியல் நாடகங்கள். அவற்றில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார், பக்கத்து ஊர் வழக்கைச் சொல்வதைப்போல.

"அங்க ஒரு ராசா, கேட்டியா? சண்டையில அண்ணன் தம்பி ரெண்டு பேரும் செத்தான். ஒருத்தன் ஊருக்காகச் செத்தான், மத்தவன் ஊர அழிக்க வந்தவன். ராசா சொன்னான்: வந்தவன அடக்கம் பண்ணப்படாது, நாயும் பருந்தும் தின்னட்டு. அவனுக்க தங்கச்சிக்காரி கேக்கல. போய் ஒரு பிடி மண்ண வாரி அவன் மேல போட்டா."

"பின்ன?"

"ராசா அவளப் பிடிச்சு அடச்சான். பிறகு பயந்துபோய் உத்தரவ மாத்தினான். அதுக்குள்ள அவ செத்தா. ராசாவுக்க மவன் செத்தான். பொண்டாட்டி செத்தா. ராசா மட்டும் மிச்சம்."

அந்த நாடகத்தில் கிழவர்களின் கூட்டம் ஒன்று மேடையோரத்தில் நின்றுகொண்டே இருக்குமாம். ராஜா பேசினாலும் சரி என்பார்களாம், அந்தப் பெண் பேசினாலும் அதுவும் சரி என்பார்களாம்.

"உங்க ஆப்பீஸ் பியூன்மாரு போல" என்றார் அத்தை உள்ளேயிருந்து.

ராஜாவைப் பற்றி அவருக்குத் தனி அபிப்பிராயம் இருந்தது. "எல்லாவனும் என்ன சொல்லுவான்? ராசா பிடிவாதக்காரன், அதனால அழிஞ்சான்னு. எனக்க கணக்கு அது இல்ல. அவன் மாத்தினான் பாத்தியா, அங்கதான் விழுந்தான். மாத்தாம நின்னிருந்தா வெறும் கொடுங்கோலன். மாத்தினதால மனுஷன் ஆயிட்டான். மனுஷனுக்குத்தான் வலிக்கும்."

"மாத்தினது தப்பில்ல ஸார். பிந்திப் போச்சு, அவ்வளவுதான். சாம்பிள கெட வச்சுப் பாத்தா முடிவு மாறிரும்லா?"

"ராஜ்ஜியம் என்ன உனக்க கண்ணாடிக் குழாயா?" என்று கோபப்பட்டார். குழாய் அன்று பச்சை.

அத்தை ஒரே ஒருமுறை அந்தக் கதையைப் பற்றிக் கேட்டார். "அந்த ராசாவுக்க பொண்டாட்டி ஒண்ணும் பேசமாட்டாளா?"

"கடைசில ஒரு வாட்டி வெளிய வருவா. என்ன ஆச்சுன்னு கேப்பா. உள்ள போயிருவா. அவ்வளவுதான்."

"நல்ல கதை" என்று சொல்லிவிட்டு அத்தை தேங்காய் துருவப் போனார்.

தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற கிளர்ச்சி எல்லா ஊரிலும் எரிந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. அவர் திருவிதாங்கூர்-கொச்சி அரசின் உத்தியோகஸ்தர். ஆனால் வீட்டுக்குள் பேசும்போது, சேரத்தான் வேண்டும் என்பார். வெளியே தடையுத்தரவு போடுவார். நான் ஒருநாள் கேட்டே விட்டேன். "எனக்க வோட்டு வேற, எனக்க கையெழுத்து வேற மக்கா" என்றார். அதில் அவருக்கு ஒரு முரணும் தெரியவில்லை.

சந்தையில் சுட்ட செய்தி வந்த அன்று அவர் வீட்டில்தான் இருந்தார். கால் விரலிடுக்கில் புண். முற்றத்துச் செண்பக மரத்தடியில் நாற்காலி போட்டு, காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்திருந்தார். நான் விளக்கை ஏற்றியிருந்தேன். பியூன் ஓடிவந்து, ஒருத்தன் செத்துவிட்டான், உடல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறது, ஊரே வாசலில் கூடியிருக்கிறது என்றான். சுடச் சொன்னது அவர் அல்ல. ஆனால் உடலை என்ன செய்வது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

கொஞ்ச நேரம் மரத்தையே அண்ணாந்து பார்த்தார். பிறகு பலகையை மடியில் வைத்து எழுதத் தொடங்கினார். அத்தை நடையில் வந்து நின்றார்.

"அந்தப் பயலுக்கு வீட்டாளு இல்லியா? குடுத்தா என்னவாம்?"

"குடுத்தா ஊர்வலமாக் கொண்டு போவான். போலீசு மறுபடி சுடும். நாளைக்கு இன்னும் நாலு பேரு கிடப்பான். அந்த நாலு பேருக்க அம்மைக்கு நீ பதில் சொல்லுவியா?"

அவர் கையெழுத்துப் போட்டார். நான் குழாயைத் தூக்கிப் பார்த்தபோது செங்கல் நிறம். அவரும் பார்த்தார்.

அந்தக் கிளர்ச்சியில் எங்கள் தாலுகாவில் அதற்குப் பிறகு யாரும் சாகவில்லை. அதையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் அவரைத் தவறாக வரைந்தவளாவேன்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். மரச்சீனிக் கிழங்கு விற்கிறவள். தாய் தகப்பன் இல்லாமல் தம்பியை வளர்த்தவள். படியேறவில்லை. முற்றத்து ஓரத்தில் நின்றாள். அழவில்லை.

"ஏமானே, எனக்க தம்பிய எரிச்ச எடத்துல ஒரு பிடி மண்ணு வேணும்."

"அங்க போகப்படாதுன்னு உத்தரவு."

"கூட்டமாட்டுப் போகல. நான் ஒருத்தி. ஏமான் ஒரு போலீசுகாரன விட்டு எடுத்துத் தந்தாலும் போரும்."

"ஒரு பிடி போனா நாளைக்கு அங்க பந்தல் போடுவான். எனக்குத் தெரியாதா? சொன்னது சொன்னதாக்கும். போ."

எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெட்டுப்பட்டோ சுடப்பட்டோ காலத்துக்கு முன்னால் போகிறவர்கள் சும்மா போவதில்லை என்பது நம்பிக்கை. கடைசியாகக் கிடந்த இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து, பீடம் கட்டி, அவர்களைச் சாமியாக இருத்துவார்கள். அப்படி இருத்தினால் அடங்கியிருப்பார்கள். பிடிமண் எடுத்த இடம்தான் அந்தச் சாமிக்குத் தாய்வீடு. பீடம் எங்கே இருந்தாலும், கொடை என்னும் சாமித் திருவிழாவுக்கு முன்னால் தாய்வீட்டுக்கு வந்து கும்பிட்டுப் போக வேண்டும்.

அத்தை அவளுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தாள். முக்காலியைப் பார்த்தாள்.

"அம்மா, அந்த உத்தரவ ஏமான் எங்க வச்சு எழுதினாவ?"

"இன்னா, இந்தச் செண்பகத்துக்க மூட்டுல வச்சு."

"அவன அங்க கொண்டு போட்டது இங்ஙன இருந்து போன வார்த்தைதானே? அப்பம் நான் இங்ஙன ஒரு பிடி எடுத்துக்கிடட்டா?"

அத்தை மரத்தடிக்குப் போனார். குனிந்து, தம் கையாலேயே மண்ணை வாரி, அவள் விரித்துப் பிடித்த முந்தானையில் போட்டார். அவள் முடிந்துகொண்டு போனாள். அத்தை உள்ளே போய்விட்டார். நான் விளக்கை அணைக்க மறந்து நின்றேன்.

பிற்பாடு கேட்டேன்: "அத்தே, தெரியாமலா குடுத்தீங்க?"

"எங்க வீட்டுச் சாமியும் பிடிமண்ணுல வந்ததாக்கும். தெரியாம இருக்குமா?"

அவருக்குத்தான் விளங்கவில்லை. விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். "நல்லதாப் போச்சு. உத்தரவு உத்தரவாக் கிடக்கு. அவளுக்கு மண்ணும் ஆச்சு." ராஜாக்களின் தவறுகளையெல்லாம் பக்கம் பக்கமாகப் படித்தவர், தம் முற்றத்தில் என்ன நடந்தது என்பதைப் பார்க்கவில்லை. உத்தரவு மீறப்பட்டதா இல்லையா என்பது ஒன்றைத்தான் பார்த்தார்.

சில வாரம் கழித்து வாசலில் பெண்கள் வந்து நின்றார்கள். கையில் செண்டுப் பூ, தேங்காய், ஒரு சிறிய விளக்கு. முன்னால் அவள். முதல் கொடைக்கு முன்னால் தாய்வீட்டைக் கும்பிட வந்திருந்தார்கள். உள்ளே வர அனுமதி கேட்கவில்லை. கேட்டுக்குள் கால் வைக்கவும் இல்லை. வெளியே நின்றபடியே செண்பக மரத்தடியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, நீ மண்ணு வாரின அந்தக் குழிய மூடச் சொல்லு" என்றார் அத்தையிடம். பியூன் மண் போட்டு மூடினான். மறு சனிக்கிழமை நான் போனபோது குழி திறந்திருந்தது. வார்த்த அச்சைப்போல ஐந்து விரல் வாரிய தடம். இன்னொரு முறை மூடினார்கள். ஐப்பசி மழையில் முற்றமெல்லாம் சேறு வந்து நிரவியது. அந்தக் குழி மட்டும் நிரவவில்லை. விரல் தடம் அப்படியே, உள்ளே ஒரு கை தண்ணீரோடு இருந்தது.

ராத்திரியில் யாரோ மதில் ஏறி வந்து மண் எடுக்கிறார்கள் என்று நான் சொன்னேன். பல ஊர்களில் அந்தப் பையனுக்குப் பீடம் எழும்புவதாகக் கேள்வி, மண்ணுக்குத் தேவை இருக்கும். இது நியாயமான விளக்கம். ஆனால் மதிலில் காலடி எதையும் நான் பார்க்கவில்லை. அந்தத் தடம் அத்தையின் கை அளவுக்கு இருந்தது. ஒருநாள் தாசில்தார் குளிக்கப் போயிருந்தபோது அத்தையின் கையைக் கேட்டேன். சேலையில் துடைத்துவிட்டு நீட்டினார். நகக்கண்ணில் மண் இல்லை. மஞ்சள்தான் இருந்தது.

அவருடைய புண் ஆறவில்லை. சர்க்கரைக்காரர்களின் கால் புண் ஆறாது, அதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். அவர் தேடினார். முற்றத்தில் இறங்குவதை நிறுத்தினார். "சவத்த விடு" என்பதையும் நிறுத்திவிட்டார். பேனா கசிந்தால் கசிகிற பேனாவைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஒரு காலையில் வில்வண்டி கட்டச் சொன்னார். கால் கட்டு அவிழ்ந்தால் கட்டிவிட என்னையும் கூட அனுப்பினார் அத்தை. போகும்போது வண்டியில் அவர் சொன்ன ஒரே வார்த்தை: "உத்தரவ மாத்திட்டேன்."

அவள் வீட்டுப் பனைமூட்டில் பீடம் இருந்தது. இடுப்பளவு உயரம். சுண்ணாம்பு அடித்து, மேலே ஒரு செண்டு மாலை. அவள் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"ஏட்டி, ஆத்தங்கரைக்கு இனி யாரு வேணும்னாலும் போலாம். உத்தரவ எடுத்தாச்சு. உனக்கு எவ்வளவு மண்ணு வேணுமோ அங்க எடு. இதுல கிடக்கது எனக்க வீட்டு மண்ணு. இத எடுத்துட்டு அத வையி."

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், கேலியாக அல்ல.

"ஏமானே, சாமிய இருத்தியாச்சு. இருத்தின சாமிய எளக்கப்படாது."

"நான் சொல்லுகேன்லா?"

"அண்ணைக்கு ஏமான் சொன்னீயளே, சொன்னது சொன்னதுன்னு. அது ஏமானுக்கு மட்டுமா? எங்களுக்கும் அப்படித்தான்." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பயப்படாண்டாம். அவன் ஒண்ணும் செய்யமாட்டான். பாவம், சின்னப் பய. அங்க இருக்கான், அவ்வளவுதான்."

திரும்பி வரும்போது வண்டிக்குள் இருந்து அவர் சொன்னார். "நீ சொன்னதுதான் சரி மக்கா. பிந்திப் போச்சு." நாங்கள் அந்த நாடகத்தைப் பற்றிப் பேசியது அதுவே கடைசி.

அடுத்த கொடைக்கு அத்தை போனார். துணைக்கு நானும் போனேன். வேதக்காரிக்கு அங்கே என்ன வேலை என்று வீட்டில் திட்டு விழுந்தது. வில்லுப்பாட்டில் பையனின் கதையைப் பாடினார்கள். செண்பக மரம் வந்தது. முக்காலியில் தூக்கி வைத்த கால் வந்தது. "சொன்னது சொன்னதாக்கும்" வந்தது. பாட்டுக்காரர் நொண்டி நடந்து காட்டியபோது கூட்டம் சிரித்தது. அத்தை கடைசிவரை நின்று கேட்டார்.

வீட்டில் அவர் விழித்திருந்தார். "பாட்டுல நான் உண்டுமா?"

"உண்டு."

"பேரு?"

"பேரு இல்ல. ராசான்னு மட்டும்."

"தாசில்தார ராசா ஆக்கிட்டானா? இதாக்கும் பிரமோஷன்" என்றார். பிறகு, "கிரேக்கக்காரன் ராசாவுக்குப் பேராவது வச்சான்."

அதனால்தான் நானும் அவர் பெயரை எழுதவில்லை.

ஐம்பத்தாறு நவம்பரில் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. தெருவில் கொட்டும் வெடியுமாகப் போனார்கள். அதற்குள் அவருக்கு இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். உத்தியோகமும் முடிந்திருந்தது. எந்த அரசின் பேரில் அந்த உத்தரவை எழுதினாரோ அந்த அரசுக்கு இங்கே இனி அதிகாரம் இல்லை. கட்டிலில் சாய்ந்தபடி, "எனக்க வோட்டு ஜெயிச்சுட்டு மக்கா" என்றார். குழாய் செங்கல் நிறத்தில் இருந்தது. நான் காட்டவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

அன்றே அத்தையைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நான் செத்தா முற்றத்துல கிடத்தப்படாது. அது அந்தப் பயலுக்க எடம்."

மார்கழியில் போனார். எங்கள் ஊரில் செத்தவரை வீட்டு முற்றத்தில் கிடத்தித்தான் நீர்மாலை என்று குடத்தில் தண்ணீர் எடுத்துவந்து, குளிப்பாட்டி, கொண்டுபோவார்கள். அத்தை அவரைப் பின்பக்கம், கிணற்றடியில் கிடத்தச் சொன்னார். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். தாசில்தாராக இருந்தவரை அடுக்களை வழியாகவா கொண்டுபோவது என்றார்கள். அப்போது கேட்டில் அந்த அக்காள்காரி வந்து நின்றாள்.

"ஏமான எங்க கிடத்திருக்கு?"

"கிணத்து மூட்டுல."

"முற்றத்துல கிடத்தச் சொல்லுங்கம்மா. ஆட்சேபம் இல்ல. நான்தானே சொல்லுகேன்."

அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ சொல்லுவ மக்ளே. அவிய வேற சொல்லிட்டாவளே. அவிய சொன்னா மாத்தமாட்டாவ."

ஒருமுறை மாற்றியிருக்கிறார் என்பது அங்கே எங்கள் மூவருக்கும் தெரியும். கிணற்றடியிலிருந்து தெருவுக்கு வேறு வழி இல்லை, அடுக்களை வாசலோ குறுகல். பாடையைச் சரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

இப்போதைய நிலைமை இது. வீட்டில் அத்தை தனியாக இருக்கிறார். அட்டையில்லாத அந்தப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. ஆற்றங்கரையில் அந்த இடத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். யாரும் போவதில்லை, தாழை மண்டிவிட்டது. கொடைக்கு முன்னால் பெண்கள் வந்து கேட்டுக்கு வெளியே நின்று கும்பிட்டுப் போகிறார்கள். அந்த வீட்டில் எரிசேரி வைப்பதில்லை. செண்பகத்தின் மூட்டில் குழி மூடப்படவில்லை.